சிவப்பு அட்டை இல்லாத வார்டு

உங்களுக்கு ஜலதோஷம் பிடித்திருக்கிறது போலிருக்கிறது, ஐயா. வெந்நீர் குடியுங்கள், இரண்டு நாளில் சரியாகிவிடும். எனக்கு அந்தத் தொல்லையே கிடையாது. மழைக்காலம் முழுக்க வீட்டில் எல்லோரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருப்பார்கள், எனக்கு மட்டும் ஒருநாளும் மூக்கடைத்ததில்லை. சின்ன வயதில் என் அக்கா இதைச் சொல்லிச் சொல்லியே பொறாமைப்படுவாள். நல்ல மூக்கு கடவுள் கொடுப்பது. அதைப் பிறருக்காகப் பயன்படுத்தினேன். நான் செய்தது அவ்வளவுதான்.

நிதானமாகக் கேளுங்கள். நான் எதையும் மறைக்கப்போவதில்லை. விசாரணைக் குழுவில் என்னை ஒரு வாக்கியத்தைக்கூட முடிக்க விடவில்லை. "எத்தனை பேருக்குச் செய்தீர்கள், எத்தனை பேருக்குச் செய்தீர்கள்" என்று அதையே கேட்டார்கள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வி இல்லாமல் மற்றதெல்லாம் எப்படிப் புரியும்?

நான் எலும்பு அறுவைசிகிச்சை வார்டில் மூத்த நர்ஸ். இடுப்பு மூட்டு மாற்ற வருகிறவர்கள், முழங்காலில் உலோகம் வைக்க வருகிறவர்கள், வண்டியிலிருந்து விழுந்து கம்பி போட வருகிறவர்கள். வார்டில் சேரும் ஒவ்வொருவர் மூக்கிலும் பஞ்சுக்குச்சி விட்டுச் சுற்றி எடுத்து லேபுக்கு அனுப்ப வேண்டும். ஸ்டாஃப் என்றொரு கிருமி இருக்கிறது. பலருடைய மூக்கில் அது சும்மா குடியிருக்கும். அதில் ஒரு வகை வழக்கமான ஆன்டிபயாடிக் எதற்கும் அடங்காது. அதுவும் மூக்கில் இருக்கும்வரை சாதுதான். கை வழியாக வெட்டுக்காயத்துக்குள் போய், உள்ளே வைத்த உலோகத்தில் ஒட்டிக்கொண்டால்தான் வம்பு.

அந்த வகை இருக்கிறது என்று லேப் சொல்லிவிட்டால், நடைபாதைக் கடைசியில் இருக்கும் தனி அறைக்கு அனுப்பிவிடுவார்கள். கதவில் சிவப்பு அட்டை தொங்கும். உள்ளே போகிறவர் கதவருகே பெட்டியில் மடித்து வைத்திருக்கும் பிளாஸ்டிக் கவுனைப் போட்டுக்கொள்ள வேண்டும், கையுறை மாட்ட வேண்டும், வெளியே வந்ததும் இரண்டையும் கழற்றிப் போட்டுவிட்டுக் கை கழுவ வேண்டும். நோயாளிக்கு மூக்கில் தடவ ஒரு களிம்பு, குளிக்க ஒரு மருந்துத் திரவம். ஐந்தாறு நாள் அதைச் செய்துவிட்டு, கிருமி போனதா என்று பார்த்துவிட்டு ஆபரேஷன்.

சொல்லிக் கேட்கும்போது விதி அழகாகத்தான் இருக்கும். அந்த அறைகளுக்குள் என்ன நடக்கும் என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு தபால்காரர் இருந்தார். ஓய்வு பெற்றவர். வார்டுக்கு வந்த அன்றே எல்லோருடைய முகவரியையும் கேட்டுத் தெரிந்துகொண்டு, "உங்க தெருவுல ஒரு நாய் இருக்குமே, கால் நொண்டி, அது இன்னும் இருக்கா?" என்று விசாரித்தவர். சிவப்பு அட்டை அறைக்குப் போன பிறகு அவருக்குப் பேச ஆளில்லை. சாப்பாடு கொண்டுவருகிறவர் கவுன் போடச் சோம்பல்பட்டு, கதவைத் திறந்து, பக்கத்து ஸ்டூலில் தட்டை வைத்துவிட்டுப் போய்விடுவார். தட்டு அவருக்கு எட்டாது. டாக்டர்கள் கதவுக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்து, கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நான் மட்டும் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நின்று கையசைப்பேன். முதலில் அவரும் அசைப்பார். பிறகு சுவர் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். ஒருநாள் நுரையீரலில் ரத்தம் உறைந்து இறந்துபோனார் என்று எழுதினார்கள். கிருமி அவரை ஒன்றும் செய்யவில்லை. அந்த அறைதான் செய்தது.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மேட்ரனிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நானும்தான் கத்திக்கிட்டு இருக்கேன், சிஸ்டர். ஆள் போட மாட்டேங்கிறாங்க. அதுவரைக்கும் நம்மள்ல ஒருத்தர் கவுனைப் போட்டுக்கிட்டு உள்ள போய் கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வந்தா என்ன?" என்று கேட்டார். ஒரு அமைப்பே கெட்டுக் கிடக்கும்போது ஆளுக்கொரு கவுன் போட்டு அதைச் சரிசெய்யப் பார்ப்பது எந்த ஊர் நியாயம்? பொறுப்பைத் தட்டிக்கழிக்கிறவர்கள் இப்படித்தான் பேசுவார்கள். நான் வார்டுக்குத் திரும்பிவிட்டேன்.

அப்புறம்தான் தையல்கார அம்மா வந்தார்.

வேறொரு ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்துவிட்டு எங்களிடம் வந்தவர். அப்படி வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் அந்தக் கிருமி இருக்கும். அவருக்கே அது தெரியும். நான் பஞ்சுக்குச்சியைப் பிரித்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"என்னைத் தனியா போட்டுறாதீங்க, சிஸ்டர். அங்க என்னை அப்படித்தான் போட்டு வெச்சிருந்தாங்க. சுவத்துல இருக்கிற பல்லிகூட போரடிச்சுப் போயிடுச்சு."

சிரித்துக்கொண்டே சொன்னார். ஆனால் பிடித்த கையை விடவில்லை. எனக்குத் தபால்காரரின் முதுகு ஞாபகம் வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பி, குச்சியை என் மூக்கில் விட்டுச் சுற்றி, குப்பியில் போட்டு, அவர் பெயரை ஒட்டினேன். ஒரு மூச்சு விடும் நேரம்கூட ஆகவில்லை. கிருமி இல்லை என்று பதில் வந்தது. என் மூக்கு என்னைக் கைவிடவில்லை.

அந்த அம்மாவுக்கு ஜன்னலோரக் கட்டில். அதற்குப் பிறகு அந்த வார்டை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், ஐயா. யாருடைய சட்டையில் பொத்தான் அறுந்திருந்தாலும் அவர் கைக்குப் போய்விடும். முழங்கால் வலியில் அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணின் தலையை மடியில் வைத்துத் தடவிக்கொடுத்தார். புதிதாக வருகிறவர்களின் கையைப் பிடித்து, "இங்க கத்தி நல்லா இருக்கும், காப்பிதான் மோசம்" என்று பயம் தெளிவிப்பார். ஒரு சின்ன இரக்கம் எவ்வளவு தூரம் பரவும் என்று அப்போதுதான் கண்ணால் பார்த்தேன். தினமும் ஜெபிக்கும்போது அந்த அம்மாவை எனக்கு அனுப்பியதற்கு நன்றி சொல்வேன்.

அடுத்து ஒருவர் வந்தார், அவரும் பேச்சுப்பிரியர். அவருக்கும் செய்தேன். அதற்கடுத்தவர் பேசாத ஆள். பேசாதவர் என்பதற்காக அவரைத் தனிமையில் தள்ளலாமா? எனக்கு யார் அந்த அதிகாரம் கொடுத்தது? ஆகவே எல்லோருக்கும் ஒரே மாதிரி செய்துவிட்டேன். பாரபட்சம் எனக்குப் பிடிக்காது. வயதானவர்கள் மூக்கில் குச்சி விட்டால் தும்முவார்கள், தலையைத் திருப்புவார்கள், திட்டுவார்கள். அந்தச் சிரமமும் அவர்களுக்கு மிச்சம்.

சில மாதங்களில் கடைசி அறைகள் காலியாகிவிட்டன. உடைந்த சக்கர நாற்காலிகளையும் குளுக்கோஸ் ஸ்டாண்டுகளையும் அதற்குள் போட்டு வைத்தார்கள். சிவப்பு அட்டையே இல்லாத வார்டு என்று நிர்வாகி எங்களைப் பாராட்டிக் கேக் வெட்டினார். என்னைப் பேசச் சொன்னார்கள். எல்லாம் கடவுள் செயல் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். எனக்குப் பெருமை பிடிக்காது.

பேக்கரிக்காரர் அந்தச் சமயத்தில்தான் வந்தார். அடுத்தடுத்து ஆபரேஷன் பாக்கி இருந்ததால் தையல்கார அம்மா இன்னும் எங்களிடமே இருந்தார், அவருக்குப் பக்கத்துக் கட்டில். பருத்த மனிதர், மாவு பிசைந்து பிசைந்து தோள் இரண்டும் பாறையாக இருக்கும், இடுப்பு மூட்டு மட்டும் தேய்ந்துபோயிருந்தது. அவர் மகள் அப்போது கர்ப்பமாக இருந்தாள். வயிற்றைத் தள்ளிக்கொண்டு தினமும் வந்துவிடுவாள்.

"பேரனோ பேத்தியோ, பொறக்கிறதுக்குள்ள நான் நடந்துறணும், சிஸ்டர்" என்பார். "பிள்ளையைத் தூக்கிக்கிட்டு நான் கடையைச் சுத்திக் காட்டணும். எந்த அடுப்பு, எந்தத் தட்டு, எல்லாம் முதல் நாளே தெரிஞ்சாகணும்."

"முதல்ல பால் குடிக்கத் தெரியட்டும்ப்பா" என்பாள் மகள்.

"பால் எல்லாரும் குடிப்பாங்க. என் பேரப்பிள்ளை வாசம் பிடிக்கணும்."

ஆபரேஷனுக்கு முந்தின நாள் அவர் சட்டையில் தையல்கார அம்மா பொத்தான் தைத்துக் கொடுத்தார். ஆபரேஷன் முடிந்த பிறகும் அவரைக் கைத்தாங்கலாகப் பிடித்து உட்கார வைத்தது அந்த அம்மாதான். நான் ஒரு கட்டிலில் கட்டு மாற்றிவிட்டு அடுத்த கட்டிலுக்கு வருவேன். எல்லோருக்கும் நான்தான் வேண்டும். என் கை மெதுவானது என்பார்கள். கை கழுவினீர்களா என்று நீங்கள் கேட்பீர்கள். மற்றவர்கள் கழுவிய அளவுக்கு நானும் கழுவினேன்.

பத்துப் பதினைந்து நாளில் அவர் இடுப்பிலிருந்து சீழ் வந்தது. காயத்திலிருந்து எடுப்பதை டாக்டர்களே எடுத்து லேபுக்கு அனுப்பிவிடுவார்கள், அதில் நான் உதவ வழியில்லை. அந்தக் கிருமிதான். அதற்கு முன்பே லாரி ஓட்டுகிற ஒருவருக்கு முழங்காலில் அப்படி வந்திருந்தது. முழங்கால் வலியில் அழுத அந்தப் பெண்ணுக்கும் வந்தது. மூன்று பேருக்கும் சேரும்போது மூக்கில் ஒன்றுமில்லை என்று லேப் சொல்லியிருக்கிறது, ஆகவே வார்டில் தவறில்லை, ஆபரேஷன் தியேட்டரில்தான் தவறு என்று முடிவுகட்டினார்கள். தியேட்டரை மூடினார்கள். ஏசியைப் பிரித்துப் போட்டார்கள். ஓர் இளம் டாக்டர் மேல் பழி விழுந்தது. அவர் கை கழுவுவதை வீடியோ எடுத்து, அவர் முன்னாலேயே போட்டுக் காட்டினார்கள். படிக்கட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். நான்தான் டீ வாங்கிக் கொடுத்து, "மனசைத் தளர விடாதீங்க, டாக்டர். உங்க மனச்சாட்சி சுத்தமா இருந்தா யாருக்கும் பயப்பட வேண்டாம்" என்று சொன்னேன். அவரை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். நல்ல பையன்.

பேக்கரிக்காரரை அறைக்கு மாற்றும்படி ஆயிற்று. நாற்காலிகளை வெளியே எடுத்து, தூசி தட்டி, பழைய சிவப்பு அட்டையைத் தேடிப் பிடித்து மாட்டினார்கள். அன்று எனக்கு அழுகை வந்துவிட்டது. இவ்வளவு பாடுபட்டும் அந்தக் கதவை மறுபடி திறக்க வைத்துவிட்டார்களே என்று.

எங்களிடம் ஒரு ஃபிசியோதெரபி தம்பி இருந்தார். ஒல்லியான ஆள், எப்போதும் தொணதொணவென்று பேச்சு. வார்டே அவரை விண்வெளிக்காரர் என்றுதான் கூப்பிடும். கவுன், கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு, கால்களைத் தூக்கித் தூக்கி மிதப்பது மாதிரி நடந்து காட்டி, "சந்திரனுக்குப் போயிட்டு வரேன், சிஸ்டர். யாருக்காவது மண்ணு வேணுமா?" என்று கேட்டுவிட்டுப் பேக்கரிக்காரர் அறைக்குள் போவார். கால் பயிற்சி முடிந்த பிறகும் வெளியே வர மாட்டார். தட்டை மடியில் வைத்து ஊட்டிவிடுவார். ரொட்டி எப்படி உப்புகிறது என்று பாடம் கேட்பார். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வரும். வெளியே வரும்போது சட்டை பிழிந்தால் தண்ணீர் வரும்போல இருக்கும். பிறகு குழாயடியில் நின்று ஏதாவது பாட்டை முணுமுணுத்துக்கொண்டு முழங்கை வரைக்கும் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார். எனக்கு அவரைப் பார்த்தால் கொஞ்சம் எரிச்சலாக வரும். செய்கிற நல்லதை இத்தனை ஆர்ப்பாட்டத்தோடு செய்ய வேண்டுமா? இரக்கம் என்பது யாருக்கும் தெரியாமல் செய்வது.

இதற்கிடையில் ஒரு வாரம் நான் அனுப்பிய எல்லாப் பெயருக்கும் கிருமி இருக்கிறது என்று பதில் வந்தது. சைக்கிளிலிருந்து விழுந்து அன்றுதான் வந்த ஆளுக்கும் இருக்கிறதாம், வாழ்நாளில் ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காத கிழவருக்கும் இருக்கிறதாம். எல்லோரும் லேபைத் திட்டினார்கள். நான் பார்த்த உடனே புரிந்துகொண்டேன். என் மூக்குக்கு வந்துவிட்டது.

அன்றே சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொன்னால் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வார்டை யார் பார்ப்பது? களிம்பு வாங்கித் தடவியிருக்கலாமே என்கிறீர்கள். ஸ்டோரில் கேட்டால் யாருக்கு என்று கேட்பார்கள். எனக்குப் பொய் சொல்ல வராது.

ஆகவே குச்சிகளைக் கைப்பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போனேன். என் வீட்டுக்காரர் நல்ல மனிதர். காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பவரிடம் போய் நின்றால், முகத்தை மேலே தூக்கிக் காட்டுவார்.

"தினமும் தோண்டுறியே, என் மூக்குல புதையலா இருக்கு?"

"ஆராய்ச்சிக்குங்க. அசையாம இருங்க."

"காசு கீசு கொடுப்பாங்களா?"

"புண்ணியம் கிடைக்கும்."

"அது உன் கணக்குலயே போய்ச் சேரும். என் மூக்குக்கு ஒரு கைக்குட்டையாவது வாங்கிக் குடு."

பதில்கள் மறுபடி சுத்தமாக வரத் தொடங்கின. வார்டு அமைதியாயிற்று. நான் வழக்கம்போல் கட்டு மாற்றினேன், தலையணை சரிசெய்தேன், நெற்றியில் கை வைத்து ஜெபித்தேன். ஆனால் காயங்கள் மட்டும் கேட்கவில்லை. லாரிக்காரர் கால் போயிற்று. அந்தப் பெண் இறந்துபோனாள். பிறகு இன்னொருவர்.

கிருமித் தடுப்புப் பிரிவு டாக்டரம்மாவுக்கு அப்போதுதான் சந்தேகம் வந்தது. ஒரு வாரம் எல்லோருக்கும் இருந்து, அடுத்த வாரம் ஒருவருக்கும் இல்லை என்றால் அது என்ன கிருமி, விருந்துக்கு வந்துவிட்டுப் போனதா என்று கேட்டுக்கொண்டே, ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் தன் கையாலேயே குச்சி எடுக்க வந்துவிட்டார். கட்டில் கட்டிலாக எடுத்தார். பாதிப் பேருக்கு இருந்தது. பிறகு ஊழியர்களையும் வரிசையில் நிறுத்தினார். வீட்டிலிருந்து கொண்டுவந்த குச்சி என் பையில் இருந்தது, ஆனால் அவர் யார் கையிலும் குச்சியைக் கொடுக்கவில்லை. என் முகவாயைப் பிடித்து, தானே விட்டுச் சுற்றினார். இத்தனை நாளில் என் மூக்கு என் பெயருக்கே போனது அதுதான் முதல்முறை.

என் மூக்கிலும் அதே கிருமி இருந்தது தெரிந்து, எல்லாம் வெளியே வந்த பிறகு தையல்கார அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னார்கள். வேண்டாம் என்று நான் சொல்லியிருப்பேன், என்னை யாரும் கேட்கவில்லை. அந்த அம்மா தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். பிறகு என்னைப் பார்க்க வேண்டும் என்றார். போனேன். அவர் என் கையைப் பிடிக்கவில்லை.

"என் கையா, சிஸ்டர்? அந்தப் புள்ளை தலையைத் தடவினேனே. அதுவும் இந்தக் கைதானா?"

நான் தலையசைத்தேன்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அஞ்சு நாள் களிம்பைத் தடவிக்கிட்டு வாயைப் பொத்திக்கிட்டுக் கிடந்திருப்பேனே. அஞ்சு நாள். நான் சும்மா பயத்துல புலம்பினேன். நீங்கதானே பெரியவங்க? நீங்க அதட்டியிருக்க வேண்டாமா?"

யாருக்காக இதையெல்லாம் ஆரம்பித்தேனோ அவர் வாயிலிருந்து இந்தப் பேச்சு. நன்றியை எதிர்பார்த்துச் செய்யவில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

பேக்கரிக்காரர் பற்றித்தானே கடைசியாகக் கேட்டீர்கள். அவர் இறந்த அன்று மத்தியானம் நடந்ததை மகள் உங்களிடம் சொல்லியிருக்கிறாள் என்கிறீர்கள். அவள் சொன்னது உண்மைதான்.

வைத்த உலோகத்தை எடுத்த பிறகும் கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது. அன்று விண்வெளிக்காரர் விடுப்பு. மகள் பிறந்து சில நாளே ஆன பேரனைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். பச்சைக் குழந்தையோடு அந்த அறைக்குள் போகக்கூடாது, குழந்தையை வாங்கிக்கொள்ளவும் கூட யாருமில்லை. ஆகவே கதவுக் கண்ணாடிக்கு நேராகத் தூக்கிக் காட்டினாள். நான் அவள் பக்கத்தில் நின்றேன். அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். மணியை அடித்தார். எட்டாத மேஜைமேல் இருந்த மூக்குக்கண்ணாடியைக் கையால் காட்டினார். மறுபடி மணியை அடித்தார்.

"அப்பாவுக்குக் கண்ணாடி போடாம ஒண்ணும் தெரியாது, சிஸ்டர்" என்றாள் மகள். "கொஞ்சம் எடுத்து மாட்டிவிட்டு வரீங்களா? ஒரு நிமிஷம் பாத்துக்கட்டும்."

"நாளைக்கு ஃபிசியோ தம்பி வந்துருவார்ம்மா. வந்ததும் முதல் வேலையா மாட்டிவிடச் சொல்றேன்" என்றேன். உள்ளே இருப்பவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று கதவுக் கண்ணாடி வழியாக நன்றாகக் கையசைத்தேன். அவர் எதுவும் சரியாகத் தெரியாமல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தை தூங்கிவிட்டது. அவர் மணியடித்தபடியே இருந்தார், பிறகு நிறுத்திவிட்டார்.

அப்போது எனக்கு வேறு வேலை இருந்ததா என்று கேட்கிறீர்கள். இல்லை. அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். தபால்காரர் அறைக்குள் எத்தனை முறை போனேன் என்றும் கேட்கிறீர்கள். அவருக்கும் தினமும் கையசைத்தேன் என்று முன்பே சொன்னேனே.

கவுன் பெட்டி என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது, ஐயா. ஆனால் நீங்கள் அதைப் போட்டுப் பார்த்ததில்லை. அது பிளாஸ்டிக். போட்ட கொஞ்ச நேரத்தில் உடம்பெல்லாம் கசகசவென்று ஆகிவிடும்.